டரான்டுலாவுக்கு உயிர் இரை: பூச்சியைத் தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பதும்

டரான்டுலா என்கிற பெரிய ரோமச் சிலந்தியை வாங்குகிறவர்கள் அதன் பெட்டி, மண், தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். இரைப்பூச்சியை மட்டும் கடைசி நேரத்தில், கடைக்காரர் கொடுத்த டப்பாவோடு கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்துவிடுகிறார்கள். நாலு நாள் கழித்துத் திறந்தால் பாதி செத்துக் கிடக்கிறது, மீதி நாறுகிறது. சிலந்திக்குப் போட நல்ல பூச்சி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

வளர்ந்த டரான்டுலா பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் சாப்பிடும். அது சாப்பிடப்போகிற பூச்சிகளுக்குத்தான் அன்றாடக் கவனிப்பு தேவை. அதனால் இந்த வேலையில் வரிசை முக்கியம். முதலில் கணக்கு, அடுத்து பெட்டி, அப்புறம் பூச்சி, கடைசியில்தான் சிலந்திக்குப் போடுவது.

சட்டத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் டரான்டுலா வளர்ப்பதே சட்டவிரோதம். வெளிநாட்டுக் கரப்பான் இனங்களை இறக்குமதி செய்வதற்கும் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு.

1. எத்தனை பூச்சி வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

ஸ்லிங் என்று சொல்லப்படும் சின்னக் குட்டிகளுக்கு மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை இரை தேவை. பாதி வளர்ந்தவற்றுக்கு வாரம் ஒருமுறை. முழுதாக வளர்ந்ததற்குப் பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒரு பெரிய பூச்சி.

ஆக, வளர்ந்த சிலந்தி ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு மாதம் இரண்டு மூன்று பூச்சி போதும். அவர் நூறு கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி) வாங்கினால் தொண்ணூறுக்கு மேல் பெட்டியிலேயே சாகும். பத்துக் குட்டி வைத்திருப்பவரின் கணக்கு வேறு. அவருக்கு வாரம் பதினைந்து இருபது பூச்சியாவது வேண்டும், அதுவும் மிகச் சின்னதாக.

இரையின் அளவுக்கு எளிய விதி ஒன்று உண்டு: பூச்சியின் நீளம் சிலந்தியின் வயிற்றின் நீளத்தைத் தாண்டக்கூடாது. பெரிய பூச்சியை அடிக்கும் தெம்பு பல சிலந்திகளுக்கு இருக்கிறது. ஆனால் ஒரே அடியில் அடங்காத பூச்சி திருப்பிக் கடிக்கும், உதைக்கும். சிலந்தி மிரண்டு, சில நாள் இரைப்பக்கமே வராது.

அதிகம் போட்டால் சீக்கிரம் வளரும் என்பது உண்மைதான். ஆனால் வயிறு பருத்துப்போன தரைவாழ் டரான்டுலா சின்ன உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்துச் செத்துவிடும். வயிறு முன்னுடலைவிட ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரிந்தால் இடைவெளியை நீட்டுங்கள். பட்டினி கிடக்குமே என்று கவலைப்பட வேண்டாம். சிலி ரோஸ் போன்ற இனங்கள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்துவிட்டுத் தானாகத் தொடங்கும்.

2. உங்கள் கணக்குக்கு ஏற்ற பூச்சியைத் தேர்ந்தெடுங்கள்

கிரிக்கெட் எல்லா அளவிலும் கிடைக்கும், ஓயாமல் நடமாடும். சிலந்திகள் அதிர்வை உணர்ந்து வேட்டையாடுபவை என்பதால் இதை உடனே பிடிக்கும். குறைகளும் நிறைய. நாற்றம், இரவு முழுக்கச் சத்தம், குறைந்த ஆயுள், ஈரத்தைத் தாங்காத உடம்பு. கடைகளில் பழுப்பு நிற வீட்டுக் கிரிக்கெட்தான் அதிகம். அதைத் தாக்கும் டென்சோ வைரஸ் 2009-10 வாக்கில் வட அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றைக் காலி செய்தது. அதன் பிறகு பல பண்ணைகள் வைரஸைத் தாங்கும் பட்டைக் கிரிக்கெட்டுக்கு மாறின. கிடைத்தால் அதையே வாங்குங்கள். கறுப்புக் கிரிக்கெட் சதைப்பற்று உள்ளது, ஆனால் கடி பலமாக இருக்கும், சத்தமும் அதிகம்.

டூபியா, அர்ஜென்டினா பக்கத்துக் கரப்பான். நான் ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். வழவழப்பான சுவரில் ஏறாது, பறந்து திரியாது, சத்தம் போடாது, நாற்றமும் குறைவு. குட்டி வளர்ந்து பெரிதாக நாலைந்து மாதம் ஆகும் என்பதால் வாங்கிய அளவிலேயே நெடுநாள் இருக்கும். வளர்ந்தவை ஓராண்டுக்கு மேல் வாழும். முட்டை வெளியே இடாமல் குட்டி போடும். ஒரு முறைக்கு இருபது முப்பது குட்டி வரை வரும்.

அதன் பெரிய குறை ஒன்று உண்டு. சிலந்திப் பெட்டியில் விட்டதும் தலையை ஓட்டுக்கடியில் இழுத்துக்கொண்டு, கால்களை ஒடுக்கி, கல்மாதிரி கிடக்கும். அதிர்வே இல்லாததால் சிலந்தி பக்கத்தில் நின்றாலும் கவனிக்காது. சிலந்தி அப்பால் நகர்ந்ததும் மண்ணுக்குள் புகுந்துவிடும். அப்புறம் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. இதற்கான வழி எட்டாவது படியில் வருகிறது.

ரெட் ரன்னர் என்கிற துருக்கிஸ்தான் கரப்பான் குட்டிச் சிலந்திகளுக்கு அருமையான இரை. விடாமல் ஓடும், உடம்பு மெத்தென்று இருக்கும், சின்ன அளவில் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் இது முட்டைக்கூடு இடும் இனம். கழிவோடு கலந்து ஒரு கூடு வெளியே போனாலும் வீட்டில் குடியேறலாம். கை பழகாதவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

மீல்வார்ம் என்கிற வண்டுப் புழு மலிவு, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், இடமும் அதிகம் வேண்டாம். ஒற்றைச் சிலந்தி வைத்திருப்பவருக்கு இதுவும் டூபியாவும் போதும். சூப்பர்வார்மும் வண்டுப் புழுதான், ஆனால் அதைவிடப் பெரியது, வாய் பலமானது, தலையை நசுக்காமல் போடவே கூடாது. வாக்ஸ்வார்ம் என்கிற அந்துப்பூச்சிப் புழு கொழுப்பு மிகுந்தது. முட்டையிட்டோ நோயுற்றோ இளைத்துப்போன சிலந்திக்கு எப்போதாவது கொடுக்கலாம், அவ்வளவுதான்.

மிகச் சின்னக் குட்டிகளுக்குப் பறக்க முடியாத பழ ஈக்கள் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கவலை இல்லை. கொன்று நறுக்கிய பூச்சித் துண்டே போதும்.

வீட்டிலோ தோட்டத்திலோ பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். சமையலறைக் கரப்பான் எந்த வீட்டில் மருந்து ஜெல் தின்றுவிட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெட்டுக்கிளி எந்த வயலில் தெளிப்பு மருந்து பட்டது என்பதும் அப்படியே. ஒட்டுண்ணிப் புழுக்கள் வரும் வழியும் இதுதான்.

3. பூச்சி வருவதற்கு முன்பே பெட்டியைத் தயார்செய்யுங்கள்

கடை டப்பா ஓரிரு நாள் பயணத்துக்கானது, குடியிருப்பதற்கானது இல்லை. நெரிசல், காற்றின்மை, ஈரம் மூன்றும் சேர்ந்துதான் கிரிக்கெட்டைக் கொல்கின்றன.

ஐம்பது கிரிக்கெட்டுக்கு இருபது லிட்டர் கொள்ளளவுள்ள, சுவர் வழவழப்பான, உயரமான பிளாஸ்டிக் பெட்டி வேண்டும். மூடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துளையும், பக்கச் சுவரின் மேற்பகுதியில் இன்னொன்றும் வெட்டி உலோக வலை ஒட்டுங்கள். இரண்டு துளை இருந்தால்தான் காற்று உள்ளே நுழைந்து வெளியேறும். நைலான் கொசுவலை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிரிக்கெட் அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

உள்ளே முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், படுக்க வைக்காதீர்கள். நின்றால் கழிவு அடித்தளத்தில் விழும், அள்ளுவது எளிது. படுத்தால் கழிவு குழிகளில் தங்கி, ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

அடியில் மண்ணோ மரத்தூளோ போடாமல் வெறும் தரையாக விடுங்கள். செத்தது எது, உயிருள்ளது எது என்று ஒரு பார்வையில் தெரியவேண்டும்.

டூபியாவுக்கும் இதே பெட்டிதான், ஆனால் வெளிச்சம் புகாத நிறத்தில் இருந்தால் நல்லது. அவை இருட்டில்தான் நிம்மதியாக மேயும். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் தடவினால் தப்பியோடும் பேச்சே இல்லை.

மீல்வார்முக்கு ஆழமில்லாத தட்டும், மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோதுமைத் தவிடோ ஓட்ஸோ போதும். தவிடுதான் அவற்றுக்கு வீடும் உணவும். சந்தையில் வாங்கிய தவிட்டை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு நன்றாக உலர்த்திப் போடுங்கள். அதில் ஒளிந்திருக்கும் உண்ணிகள் குறையும்.

4. பெட்டி வைக்கும் இடத்தில் விஷம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

நம் ஊர் வீடுகளில் பூச்சியும் சிலந்தியும் காரணம் தெரியாமல் சாகிறபோது நான் முதலில் கேட்கும் கேள்வி, "கொசுவுக்கு என்ன வைக்கிறீர்கள்?" என்பதுதான். கொசுவர்த்திச் சுருள், சுவரில் செருகும் திரவக் குப்பி, மேட், தெளிப்பான் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. அது கொசுவுக்கு ஆகாதது மட்டுமல்ல. கிரிக்கெட்டுக்கும் கரப்பானுக்கும் டரான்டுலாவுக்கும் ஆகாது.

பெட்டி இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம். சன்னல் வலையும் கொசுவலையும் பயன்படுத்துங்கள். தெருவில் கொசுப்புகை அடிக்க வண்டி வந்தால் சன்னலை அடைத்து, பெட்டிகளை உள்ளறைக்கு மாற்றுங்கள். பக்கத்து வீட்டில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்றாலும் அப்படியே.

நாய், பூனை வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். உண்ணிக்காக அவற்றின் முதுகில் விடும் சொட்டு மருந்தில் ஃபிப்ரோனில் போன்றவையும், நாய்க்கானவை சிலவற்றில் பெர்மெத்ரினும் இருக்கும். மருந்து விட்ட நாயையோ பூனையையோ தடவிய கையோடு பூச்சிப் பெட்டியைத் தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எறும்பு அடுத்த பகை. ஒரே இரவில் ஒரு பெட்டியைக் காலி செய்துவிடும், சிலந்தியையும் விடாது. எறும்புச் சாக்குக்கட்டி கோடு போடாதீர்கள், அதுவும் பூச்சிமருந்துதான். பெட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வையுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் அதில் கொசு முட்டையிட்டுப் பெருகாது.

வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் கிரிக்கெட்டும் டூபியாவும் நன்றாக இருக்கும். சென்னை, கொழும்பு போன்ற ஊர்களில் தனியாகச் சூடேற்ற வேண்டாம், வெயில் நேராகப் படாமல் பார்த்தால் போதும். லண்டன், டொரொண்டோ குளிர்காலத்தில் 20 டிகிரிக்குக் கீழே போனால் டூபியா சாகாது, ஆனால் வளர்ச்சியும் பெருக்கமும் நின்றுவிடும். சூடேற்றும் பாய் வைத்தால் பெட்டியின் பக்கவாட்டில், தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள்.

5. வாங்கும்போது டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள்

டப்பாவை லேசாகச் சாய்த்தால் பூச்சிகள் துள்ளவேண்டும். மல்லாந்து கால் உதறுபவையும், நசுநசுவென்று ஈரமான பிணங்களும் நிறைய இருந்தால் வாங்காதீர்கள். டென்சோ வைரஸ் தாக்கிய கிரிக்கெட்டும் இப்படித்தான் துவண்டு கிடக்கும்.

பெரிய கிரிக்கெட்டையே எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். இறக்கை வந்துவிட்ட கிரிக்கெட்டுக்கு மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று வார வாழ்வுதான். இறக்கை வராத நடுத்தர அளவை வாங்கினால் உங்கள் பெட்டியிலேயே வளர்ந்து அதிக நாள் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கூட்டத்தோடு கலக்காதீர்கள். தனிப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். புதிய கூட்டத்தில் சாவு நின்று, சுறுசுறுப்பு வந்த பிறகு சேர்க்கலாம். அந்த இடைவெளியில் அவற்றுக்கு நல்ல தீனியும் கிடைத்துவிடும்.

6. தீனியும் தண்ணீரும்

பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் சிலந்திக்குப் போகிறது. பட்டினி கிடந்த கிரிக்கெட் வெறும் ஓடுதான். அதனால் சிலந்திக்குப் போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பாவது பூச்சிகள் வயிறார மேய்ந்திருக்கவேண்டும்.

உலர்தீனியாக ஓட்ஸ், கோதுமைத் தவிடு, கொஞ்சம் மீன் தீனி. ஈரத்தீனியாகக் கேரட், பூசணி, ஆப்பிள். காய்களில் தெளிப்பு மருந்து தங்கியிருக்கும் என்பதால் கழுவித் தோல் சீவியே போடுங்கள். கீரையைவிடத் தோல் சீவக்கூடிய காய் பாதுகாப்பானது. புதிதாக வாங்கிய காயைத் தின்ற பூச்சியை ஒரு நாள் கழித்துத்தான் சிலந்திக்குப் போடவேண்டும். காயில் மருந்து இருந்தால் அதற்குள் பூச்சியிடம் தெரிந்துவிடும்.

பல்லி, ஓணான் வளர்ப்பவர்களைப் பார்த்து இரைமேல் கால்சியம் பொடி தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எலும்புள்ள பிராணிகளுக்கானது. சிலந்திக்குத் தேவையில்லை.

திறந்த கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கிரிக்கெட் அரை சென்டிமீட்டர் ஆழத்திலும் மூழ்கிச் சாகும். ஊறிய பஞ்சு இரண்டே நாளில் நாறும். தண்ணீர் உறிஞ்சும் ஜெல் மணிகளோ, தினம் மாற்றும் கேரட் துண்டோ போதும். ஈரமான எதையும் அடித்தளத்தில் நேராக வைக்காமல் ஒரு சின்ன மூடியில் வையுங்கள். மறுநாள் மூடியோடு எடுத்துவிடலாம்.

மீல்வார்மைக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில், 7 முதல் 10 டிகிரியில் வைத்தால் வளர்ச்சி மந்தமாகி மாதக்கணக்கில் இருக்கும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, ஒரு துண்டு கேரட் கொடுத்து, ஒரு நாள் கழித்துக் காய்ந்த நிலையில் திரும்ப வையுங்கள். சூப்பர்வார்மை இப்படிச் செய்யாதீர்கள், குளிரில் செத்துவிடும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் அடிக்கடி நடக்கும் தவறு இது.

7. துப்புரவு

செத்த பூச்சியைத் தினமும் எடுங்கள். ஒரு பிணம் அழுகினால் அம்மோனியாவும் ஈரமும் கூடி மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். திறந்ததும் மூக்கில் நெடி ஏறுகிறது என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

கிரிக்கெட் பெட்டியை வாரம் ஒருமுறை முழுதாகக் காலிசெய்து, வெந்நீரில் கழுவி, காயவைத்துத் திரும்ப அடுக்குங்கள். டூபியாவுக்கு அவ்வளவு வேண்டாம். அவற்றின் கழிவு காய்ந்த பொடி. ஈரம் படாமல் இருந்தால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

கழிவை அள்ளும்போது முகக்கவசம் போடுங்கள். கரப்பான் தூசு ஆஸ்துமாவைத் தூண்டும், தொடர்ந்து பழகுகிறவர்களுக்கு ஒவ்வாமையாகவும் மாறும். மூச்சுத் தொல்லை உள்ளவர் வீட்டில் இருந்தால் மீல்வார்மோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

8. சிலந்திக்கு இரை போடும் முறை

மாலை இருட்டிய பிறகு போடுங்கள், டரான்டுலா அப்போதுதான் நடமாடும். இருபது சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமான இடுக்கி வேண்டும். இரையைச் சிலந்தியின் முகத்தில் நீட்டாமல் சற்றுத் தள்ளி விடுங்கள். இடுக்கியையே கவ்விப் பல்லை உடைத்துக்கொண்ட சிலந்திகள் உண்டு.

டூபியா, மீல்வார்ம், சூப்பர்வார்ம் மூன்றுக்கும் தலையை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போடுங்கள். உடல் சிறிது நேரம் துடித்துக்கொண்டே இருக்கும், சிலந்தியை அழைக்க அந்த அதிர்வு போதும். மண்ணுக்குள் புகவும் முடியாது, கடிக்கவும் முடியாது. பார்க்கக் கொடூரமாகத் தோன்றினாலும், சிலந்தியிடம் உயிரோடு மாட்டுவதைவிடப் பூச்சிக்கு இது விரைவான முடிவு.

ஸ்லிங்குகளுக்கு ஒரு கிரிக்கெட்டின் பின்னந்தொடையை வெட்டி, வெட்டிய முனை அதற்கு எட்டும்படி வலையோரம் வையுங்கள். முதலில் முன்கால் நுனியால் தொட்டுப் பார்க்கும். அப்புறம் மெல்ல வந்து மேலே கவிழ்ந்து உட்காரும். மறுநாள் பார்த்தால் தொடை சுருங்கி வெறும் கூடாகக் கிடக்கும், கடுகளவு வயிறு மிளகளவு ஆகியிருக்கும்.

இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தின்னாத இரையை உயிரோ பிணமோ எடுத்துவிடுங்கள். தின்று துப்பிய உருண்டையையும் எடுக்கவேண்டும். விட்டால் பூஞ்சையும் உண்ணியும் அதிலிருந்துதான் தொடங்கும். ஈரப்பதம் அதிகம் வேண்டிய இனங்களின் பெட்டியில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

9. தோலுரிக்கும் காலத்தில் உயிர் இரை வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வையுங்கள். தோலுரிக்கும் டரான்டுலா மல்லாந்து படுத்திருக்கும், உடம்பு மெத்தென்று இருக்கும், பல் வெள்ளையாக, அழுத்தினால் வளையும் நிலையில் இருக்கும். அப்போது பெட்டியில் ஒரு கிரிக்கெட் இருந்தால் அது மேலே ஏறி, மென்மையான மூட்டுகளைக் கடித்துத் தின்னத் தொடங்கும். சிலந்தியால் தடுக்கமுடியாது. மண்ணுக்குள் மறந்துபோன மீல்வார்மும் இதையே செய்யும்.

முன்னறிகுறிகள் தெரியும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது திடீரென்று மறுக்கும். வயிறு பளபளக்கும். அமெரிக்க இனங்களில் முடி உதிர்ந்த இடம் கறுக்கும். வளைவாயிலை மண்ணாலோ வலையாலோ அடைத்துக்கொள்ளும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரையை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். மல்லாந்து கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைத்துப் புரட்டிவிடாதீர்கள்.

தோலுரித்த பிறகும் அவசரம் கூடாது. வெள்ளைப் பல் சிவந்து, அப்புறம் கறுக்கவேண்டும். குட்டிகளுக்கு மூன்று முதல் ஐந்து நாள், பாதி வளர்ந்தவற்றுக்கு ஒரு வாரம், பெரியவற்றுக்குப் பத்து முதல் பதினாலு நாள். நாட்கணக்கைவிடப் பல்லின் நிறத்தை நம்புங்கள். கண்ணாடி வழியே பார்த்தால் தெரியும். முதல் இரையைச் சின்னதாக, கொன்றே போடுங்கள்.

10. மீந்த பூச்சியும் கழிவும்

தேவைக்கு மேல் பெருகிவிட்டால் வெளியே திறந்துவிடாதீர்கள். அவற்றில் பல நம் மண்ணுக்குரிய பூச்சிகள் இல்லை, ரெட் ரன்னர் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் வெளியிலிருந்து வந்து பரவிய இனம். டூபியா பெருகுவதைக் குறைக்க, இறக்கை உள்ள ஆண்களை முதலில் இரையாக்குங்கள். பெண்களுக்கு இறக்கை குட்டையாக இருப்பதால் பிரித்தறிவது எளிது.

கழிவு, பழைய முட்டை அட்டை, செத்த பூச்சி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். அட்டையின் குழியில் ஒட்டியிருக்கும் முட்டைக்கூடும், கண்ணில் படாத குட்டியும் அதற்குள் செத்துவிடும். சாப்பாடு வைக்கும் ஃப்ரீசராக இருந்தால் பையை மூடியுள்ள டப்பாவில் போட்டு, மேலே என்னவென்று எழுதி ஒட்டிவிடுங்கள்.